கரடிப் பாட்டு

அந்தப் பாட்டுப் புடிக்கற பொட்டிய அப்பால வைங்க சாரு. பாட மாட்டேன்னா பாட மாட்டேன்தான். அதுக்குன்னு மூஞ்சத் தூக்கிவச்சிகினு கெளம்பிடாதீங்க. சாமைச் சோறு வெந்துகினு கீது, துண்ணுட்டுப் போலாம். வேலூரு காலேஜில இருந்து அமிர்தி வரைக்கும் பஸ்ஸுல வந்து, அங்கருந்து மலையேறி வந்துகீறீங்க, வெறும் வயித்தோட அனுப்புவனா? பக்கத்து வூட்டு ராணியம்மா பாடறாளே, அத புடிச்சிகினு போங்க. என்னைவிட நல்ல தொண்ட அவளுக்கு.

இன்னாது? பாட்டக் கட்னவ வாயாலதான் வேணுமா?

நான் கட்னதுதான், இல்லன்னு சொல்லல. எம் பெரிய புள்ள வேடியப்பன் செத்தப்போ கட்னேன். எட்டு வருசமாவுது. இப்போ மலையில எந்த வூட்ல சாவு வுழுந்தாலும் அந்தக் கரடிப் பாட்டுதான். காய்ச்சல்ல செத்தா கரடி வர்ற அடிங்கள மட்டும் காய்ச்சல்னு மாத்திக்குவாளுங்க, மீதியெல்லாம் என்னுது. நான் எழுந்து போய் தூரமா குந்திக்குவேன். பெத்த வயிறு, தாங்கலம்பாங்க. சொல்லிட்டுப் போவட்டும்.

காலையில ஒண்ணு போட்டீங்களே, அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பாடறதுன்னு. மொதல்ல ஒரு ஆளு கடகடகடன்னு, பாடறானா சண்ட போடறானான்னு தெரியல. ராணியம்மா சிரிச்சிட்டா. நீங்க அர்த்தம் சொன்னீங்க பாருங்க, சோறில்ல, வேலையில்ல, கூடப் பொறந்தவன சுட்டுத் தெருவுல போட்டுட்டாங்கன்னு, அப்பால சிரிப்பு நின்னு பூட்ச்சி. சாவையும் பட்டினியையும் இப்டி பாட்டா வச்சிகினு கீறாங்களே, அந்த ஜனங்களும் நம்மளாட்டம்தான்னு தோணிச்சி.

அப்பால ஒரு கெழவி பாடனா இல்ல? பருத்திக் காட்டுல கூலிக்குப் போனவன்னீங்க. எம் புள்ளையக் கொன்னவன் இன்னாருன்னு பேரச் சொல்லியே பாடறான்னீங்க. நெசமா பேரச் சொல்றாளா? அவள அப்பால இன்னா பண்ணாங்க? ஒங்களுக்கும் தெரியாதா? தெரிஞ்சா வந்து சொல்லுங்க சாரு. அவ கொரலக் கேட்டதுல இருந்து எனக்குத் தல நிமிர மாட்டுது. வெக்கமா கீது.

ஏன்னா கேக்கறீங்க?

எங்க மலையில ஒரு பழக்கம். பொணத்துக்கு முன்னாடி மொதல்ல பெத்தவதான் பாடணும். எப்டி செத்தான்னு மொத அடியிலயே சொல்லிடணும். அதக் கேட்டுத்தான் ஊரு தெரிஞ்சிக்கும். ஊர்க்கவுண்டரு கையக் கட்டிகினு கேட்டுட்டு, போலீசு வந்தாலும் அதையேதான் சொல்வாரு. பொணத்த வச்சிகினு எவளும் பொய் பாட மாட்டான்னு அப்டி ஒரு நம்பிக்க. அதுக்கு மேல ஒருத்தரும் துணிய வெலக்கிக்கூட பாக்க மாட்டாங்க.

கரடியே வர்ல சாரு.

அன்னிக்கு நான் கேவுரு அறுத்துகினு இருந்தேன். காட்டுல மரம் வெட்ட ஏலம் எடுத்த கான்ட்ராக்டரு ஜீப்புல வந்து எறங்கனான். சர்க்காரு குறி போட்ட மரத்தத்தான் வெட்டணும். இவன் குறி போடாததையும் வெட்டிகினு இருந்தான். அப்டி ஒரு மரந்தான், அவங்கிட்ட கூலிக்கு அறுத்துகினு இருந்த எம் புள்ள மேல சாஞ்சிட்ச்சி. கூட அறுத்த ரெண்டு பேரு வெளியூரு ஆளுங்க, அன்னிக்கே லாரியில ஏத்தி அனுப்பிட்டான். பொணம் வர்றதுக்கு முன்னாடி அவன் வந்தான். நின்ன நெலையிலயே சொல்றான், ஒம் பெரியவன் பூட்டான், மரம்னு தெரிஞ்சா நான் ஜெயிலுக்குப் போணும், கரடின்னு பாடிடு, சின்னவனுக்கு என் மர டிப்போவுல வாட்ச்மேன் வேலன்னு.

அழுவணும் இல்ல சாரு? புள்ள செத்துட்டான்னா மொதல்ல அழுவணும் இல்ல? நான் அழுவல. வேல நெலையா இருக்குமான்னு கேட்டேன்.

அந்த வருசம் மழையில்ல. கெழங்கு தோண்டித் துண்ணுகினு இருந்தோம். அதச் சொல்லி மனச தேத்திக்கலாம்னு பாக்கறேன், தேற மாட்டுது.

அப்பால குந்திகினு பாடனேன். கரடி வந்த தட எது, எங்க நகம் வச்சிச்சி, எம் புள்ள அம்மான்னு எப்டி கத்தனான், அத்தனையும் நானே கட்னது. நல்லா வந்துட்ச்சி சாரு, அதான் கொடும. ஊரே பொரண்டு அழுதிச்சி. மறுநாளு ஆம்பளைங்க தடி எடுத்துகினு போய் ஒரு பொட்டக் கரடிய, குட்டியோட, அடிச்சி இஸ்த்துகினு வந்து என் வாசல்ல போட்டாங்க. அந்தக் குட்டிக்கு உசுரு இன்னும் இருந்திச்சி. அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

இல்ல சாரு, யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒங்ககிட்ட ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. அந்தக் கெழவி பாடாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

தோ, காக்கிச் சட்ட போட்டுகினு ஒருத்தன் வர்றான் பாருங்க, அவன்தான் சின்னவன், லட்சுமணன். சாப்பாட்டுக்கு வர்றான். தங்கமான புள்ள. அண்ணன் செத்தப்போ கூப்ட்டு வேல குடுத்த மகராசன்னு, அந்தக் கான்ட்ராக்டரு படத்த உள்ள மாட்டி வச்சிகீறான். தெனம் பூ வைக்கறான்.

எலையப் போடறேன், ரெண்டு பேரும் ஒண்ணா குந்துங்க. அவங்கிட்ட பாட்டப் பத்தி ஒண்ணியும் கேக்காதீங்க சாரு. அவனுக்கும் கரடின்னுதான் தெரியும்.