பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும்

ஆலங்காயத்திலிருந்து மலையேறிக்கொண்டிருந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் குரல் கரகரத்தது.

"இன்னாடி, கொரலு இப்படி ஆய்ட்ச்சி?" என்றாள் மூத்தவள்.

"எங்க வூட்டு பாத்ரூம்ல நானே வெஷம் தயார் பண்ணிட்டேன்க்கா."

"இன்னாது?"

"கறை போவட்டும்னு பிளீச்சிங் பவுடர கொட்டி, அது மேலயே ஆசிட்ட ஊத்திட்டேன். பொகையா வந்துச்சி. மூச்சு வுட முடியல. எங்க மாமியாருதான் கதவ ஒடச்சி வெளிய இழுத்தாங்க."

"ரெண்டுமே கழுவறதுக்கு விக்கறதுதானடி?"

"தனித்தனியா இருந்தா இப்படி ஆவாதுக்கா. உப்பத் தண்ணில கரைச்சா உப்பு உப்பாத்தான் இருக்கும், இது ரெண்டும் சேந்தா வேற பொருளாவே மாறிடும்னு ஆஸ்பத்திரில நர்ஸம்மா சொன்னாங்க. குளோரின்னு வெஷக் காத்தாம்."

மூத்தவள் பதறிக்கொண்டு போனை எடுத்தாள். மறுமுனையில் வெகுநேரம் மணி அடித்தது.

"மஞ்சு! பாத்ரூம் கழுவிட்டியா? அம்மா சொல்லிட்டு வந்த மாதிரி ரெண்டையும் ஒண்ணா ஊத்தாத! அப்படியே போட்டுட்டு வெளிய வா!"

பதிலைக் கேட்டதும் போனை மடியில் போட்டாள்.

"பவுடர கொட்டிட்டாளாம். ஆசிட் பாட்டில இப்பதான் தொறந்தாளாம்."