பேரு போடற கட்டம்

உக்காரு அண்ணாத்த, நீ நின்னுகினே இருந்தா எனக்குப் பேச்சு வராது. அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். ஆங், இது. மோசஸ்னா நீதானே, கருங்குழி பேண்ட் செட்ல டிரம்ஸு? இங்க பிரவுசிங் சென்டர்ல என்கூட வேல செய்யற சாராள்தான் சொல்லிச்சு, எங்க அண்ணன் கம்ப்யூட்டர் டான்ஸ் கேம்ல பாட்டுக்கு ஸ்டெப் போடக் கத்துக்கணும்னு அலையறாரு, நீ சொல்லிக்குடுன்னு. உன் ஃபைலயும் குடுத்துச்சு. பாத்தேன்.

நீ பண்ணது இன்னா தெரியுமா? டிரம்ஸுல எங்கெங்க அடிப்பியோ அங்கல்லாம் ஒரு அம்பு போட்டு வெச்சிருக்க. ஸ்க்ரீன்ல அம்பு வரசொல்ல, ஆடறவன் கீழ விரிச்சிருக்கற ரப்பர் மேட்ல அதே அம்ப மிதிக்கணும். மிதிக்கறது கால், அண்ணாத்த. ரெண்டாவது சரணத்துல மூணு அம்பு ஒண்ணா வருது. மூணாவது காலுக்கு அவன் எங்க போவான்? சிரிக்காத, நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

மத்தபடி ஒண்ணு கீது உன்கிட்ட. நம்ம பாட்டுல வாசிக்கறவன் மனுசன், நடுவுல கொஞ்சம் இழுப்பான், கடைசில வேகம் புடிப்பான். புதுசா வர்றவங்க பாட்டு பூரா ஒரே வேகம்னு போட்டுட்டு, ரெண்டு நிமிசத்துல பாட்டு ஒரு பக்கம் அம்பு ஒரு பக்கம் போச்சேன்னு முழிப்பாங்க. நீ அத காதாலயே புடிச்சிட்ட. எனக்கு அதுக்கு எட்டு மாசம் ஆச்சு. வயித்தெரிச்சலாதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்களா? கிருஷ்ணபிரசாத்து. ஆமா, அவன்தான், கோவளம் ரிசார்ட்டு டான்ஸ் கேம் போட்டி நோட்டீசுல போட்டோல கீறானே. 2002-ல செங்கல்பட்டுல அவன் வூட்டு மாடில கம்ப்யூட்டரு இருந்துச்சு. நான் காலேஜ் முடிச்சிட்டு சும்மா இருந்தேன். இங்க சிங்கப்பெருமாள் கோயில்ல ரயிலேறி தெனம் போயி, கத்துக்குடுங்க சார்னு நின்னேன். குடுத்தான். நல்லாவேதான் குடுத்தான்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் மேல ஒரு கட்டம் இருக்கும், ஸ்டெப் போட்டது யாருன்னு கேக்கும். மொத பாட்டு முடிச்சதும் என் பேரு அடிச்சேன். அவன் பாத்துட்டு கோவமெல்லாம் படல. மெதுவா சொன்னான், சொல்லிக்குடுத்தவா பேர மொதல்ல போடறது ஒரு மரியாதை இல்லியோ ஜோதின்னு. ஆமா சார்னு அழிச்சேன். அந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான் எடம், மொதல்லன்னா அதோட முடிஞ்சிச்சு. அது கூட தெரியாம மரியாதை பண்ணிகினு இருந்தேன். நாப்பத்தியோரு பாட்டு. அவன் கீபோர்டத் தொடவே இல்ல அண்ணாத்த, என் கையாலதான் அவன் பேர அடிச்சேன்.

அப்பறமின்னா, அதெல்லாம் காட்டி மெட்ராஸ்ல கேம் கம்பெனில சேந்துட்டான். கேக்கலாம்னு அவன் வூட்டுக்குப் போனேன். காப்பி குடுத்தாங்க. அவன் அம்மா இது யாருடான்னாங்க. ஜோதிதான்மா, டைப்பிங்குக்கு வந்துண்டிருந்தாளேன்னான். நானும் காப்பியக் குடிச்சிட்டு வந்தேன். வேற இன்னா பண்ணுவேன்? அதுக்கப்பறம் ஒரு பாட்டு கூட என்னால பண்ண முடியல. ஒக்காந்தா மொதல்ல அந்தக் கட்டம்தான் கண்ணுக்குத் தெரியுது. மூணு வருசமா இங்க ஊர்ல உள்ளவங்களுக்கு பயோடேட்டா அடிச்சுக் குடுத்துகினு கீறேன்.

சொல்லிக்குடுக்கறேன், ஏன் மாட்டேங்கப் போறேன். இன்னிக்கே ஆரம்பிக்கலாம். இப்படி கம்ப்யூட்டரு முன்னால வா. உன் ஃபைல காலைல சரி பண்ணிட்டேன், மூணு அம்புல ஒண்ண எடுத்தேன், அவ்ளோதான். மத்ததெல்லாம் நீ போட்டதுதான். ஞாயித்துக்கெழம கோவளத்துல நடக்கற அந்தப் போட்டிக்கு அனுப்பறோம். நடுவரு அவன்தான். ஃபைலத் தெறந்து பாக்கசொல்ல மொதல்ல பேருதான் அவன் கண்ல படும்.

மேல கட்டம் தெரியுதா? அதுல பேரு அடி. மோசஸ் இல்ல அண்ணாத்த. ஜோதிலட்சுமி. நீயே அடி, நான் கை வெக்க மாட்டேன். ஒரு மரியாதைக்குத்தான்.