கதவுல எழுதின தேதி

பூட்டுங்க சார், யாரு வேணாங்கறா? ஊர்க் கக்கூசப் பூட்டத்தானே டவுன்லேருந்து மலையேறி வந்திருக்கீங்க. நாத்தம் தாங்கலன்னு யாரோ மொட்டக் கடுதாசி போட்டாங்களாம், ரெண்டே நாள்ல ஆபீசரே வந்தாச்சு. மொதல்ல மூக்குலேருந்து அந்தக் கைக்குட்டைய எடுங்க. இந்தாங்க, இத மோந்து பாருங்க.

மண்ணு வாசந்தானே? போன வருசம் ஊரு மொத்தமும் உக்காந்து எந்திரிச்சது சார் இது. இப்பக் காப்பித்தூளாட்டம் கெடக்கு.

இந்தத் தெக்லா ஒண்ணும் மந்திரம் போடல. போயிட்டு வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு செரட்டச் சாம்பல் போடணும். தொட்டி நெறஞ்சா மூடி, கதவுல தேதி எழுதிருவேன். ஆறு மாசம் யாரும் தொடக்கூடாது. அப்புறம் மண்புழு பாத்துக்கும். பச்சையா குடுத்தா அது வாய வைக்காது. அதுக்கு இருக்கற வெவரம் இங்க சில பேருக்கு இல்ல.

யாரா? ஊர்த்தலைவர் சம்சாரம் பெர்பெத்துவாதான். எனக்குப் பீக்காரின்னு பேரு வச்ச மகராசி. கோயில்ல என் பக்கத்துல உக்கார மாட்டா. போன மாசம் நாங்கல்லாம் பூசைக்குப் போன நேரமாப் பாத்து, ஆள விட்டு அவ தோட்டத்துக்கு ஆறு மூட்ட அள்ளிட்டா. அள்ளினவனே வந்து சொன்னான், கை அரிக்குதுன்னு. கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். அதுலயும் பாருங்க, இந்தப் பக்குவமான எருவத் தொடல. நாத்தமே இல்லையே, இதுல என்ன சத்து இருக்கும்னு நெனச்சிருக்கா. மூடி ரெண்டு மாசங்கூட ஆகாத தொட்டிய ஒடச்சு, நல்லா நாறுறதாப் பாத்து அள்ளச் சொல்லியிருக்கா. அதுல வயித்துப்பூச்சி முட்டையெல்லாம் உசுரோட கெடக்கும் சார்.

போலீஸ்ல சொல்லாம இருப்பேனா? பீயக் காணோம்னு வந்த மொத ஆளு நீதான்னு விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. தலைவர்ட்டப் போனேன், நாய அவுத்து விடாத கொறதான். உங்க ஆபீசுக்கும் மூணு தடவ வந்தேன். ஆபீசர் சாப்பிடப் போயிருக்காருன்னாங்க, மூணு தடவையும்.

நாளைக்கு சான் இசித்ரோ திருவிழா. ஊரே அவ வீட்லதான் சாப்பிடும், பச்சப் புள்ளைங்க வரைக்கும். சுட்ட பன்னிக்கறியோட அவ தோட்டத்து லெட்யூஸ் கீரை, பச்சையா. எனக்கு மூணு நாளாத் தூக்கம் இல்ல.

அந்தக் கடுதாசி பையிலதானே இருக்கு? எடுத்து இந்தக் கதவுல நான் எழுதின தேதிப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே கையெழுத்துதான். எம்மேல புகாருன்னாதானே சார் நீங்க வருவீங்க? வாங்க, அவ தோட்டம் அந்த மேட்டுலதான். அதுக்கும் கதவு இருக்கு, பூட்டக் கையோட எடுத்துக்கங்க.