இன்னும் ஒரு சுத்து

— வலது பக்கம் ஓடு கீதா! பசு தெருவுல நீட்டிக் கட்டுன பாவு நூலுகிட்ட வந்துடுச்சு, பட்டுக்குப் போட்ட கஞ்சிய நக்கப் போவுது!

— வலதுன்னா எதுங்க? பிள்ளையார் கோயில் பக்கமா, டீக்கடைப் பக்கமா?

— டீக்கடை! பத்தடி... அஞ்சடி... குச்சிய வீசு! சபாஷ், டார்கெட் காலி!

— டார்கெட்டு இல்லீங்க, ரோசம்மா வூட்டு பசு. பாவு பொழைச்சுது, டேங்கு மேலேருந்து எறங்கி வாங்க. பத்து மணிக்கு ஸ்கூல்ல உங்களுக்குப் பாராட்டு விழா. கூட்டிகினு போவ பட்டாளத்து ஃபிலிப் அண்ணன் தேவிகாபுரத்துலேருந்து வந்து நிக்கறாரு.

— வணக்கம் கேப்டன் சார்! வண்டி ரெடி சார்!

— வா ஃபிலிப்பு. நீங்க முன்னால போங்க. நான் கொஞ்சம் காத்து வாங்கிகினு வரேன்.

— தண்ணி டேங்கு மேல இன்னாங்க காத்து? ஏணில கால வைங்க.

— வாணாம் கீதா. ஏறுறப்ப ஒண்ணும் தெரியல. எறங்கணும்னாதான் பயமா கீது.

— கார்கில்ல எலிகாப்டர்ல பறந்தவருக்கு எட்டடி ஏணியா? கேட்டீங்களா அண்ணே?

— வெளையாடறாரும்மா. எலிகாப்டர்ல குண்டு பட்டு ஓட்டை. அப்பவும் போவாம எங்க தலைக்கு மேல சுத்திகினே, எதிரி எங்க கீறான்னு பீரங்கிக்காரங்களுக்குச் சொன்னாரு. பாறைக்குப் பின்னால மாட்டிகினு இருந்த பதினோரு பேரும் உசுரோட வந்தோம். அதுக்குத்தான் மெடலு.

— அந்த மெடல்தான் உறுத்துது ஃபிலிப்பு. இத்தினி வருஷமா யார்கிட்டயும் சொல்லல. திரும்பிப் போய் எறக்கிடலாம்னாரு பைலட்டு. எனக்கு எறங்கறதுக்குத்தான் பயம். "வாணாம் சார், இன்னும் ஒரு சுத்து!"ன்னு அழுதுகினே தமிழ்ல கத்தினேன். அந்த பஞ்சாபிக்கார பைலட்டுக்கு இன்னா புரிஞ்சுதோ, சுத்திகினே இருந்தாரு. சும்மா சுத்தறமேன்னு கீழ தெரிஞ்சத ரேடியோல சொன்னேன். இந்த மூஞ்சிய வச்சிகினு மேடை ஏறச் சொல்றியா?

— அடக் கடவுளே! இந்த மெடலுக்கா வாராவாரம் பாலீஷ் போட்டேன்!

— சிரிக்காதம்மா. சார், நீங்க கத்தினது எங்க ரேடியோலயும் கேட்டுது. எங்கள்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். "நம்மள விட்டுட்டுப் போவமாட்டேன்னு கேப்டன் அழுவறாரு"ன்னு பத்து பேருக்கும் இந்தியில சொன்னேன். அதுவரைக்கும் ஒருத்தனும் எழுந்திருக்கல சார். அத்தக் கேட்டுத்தான் எழுந்து ஓடினோம்.

— ஃபிலிப்பு, ஏணிய கெட்டியா புடி. எறங்கறேன்.