பதில் போடுகிற சார்

— டீச்சரம்மா, மறுபடியும் சொல்றேன். கோளாறு என் ஆன்டெனாவுல இல்ல, உங்க ஸ்பீக்கர்ல. மலிவா வாங்கினா வானத்துல போறதெல்லாம் அதுக்குள்ள வந்து உக்காரத்தான் செய்யும். அதான் பாயிண்டு.

— வானத்துல போறதெல்லாம் வரல சார், நீங்க மட்டும்தான் வர்றீங்க. நான் கீழ் வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல பிள்ளைங்களுக்குப் பின்னம் நடத்திக்கிட்டிருக்கேன். நடுவுல, வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு ஒருத்தர் பேசற மாதிரி சத்தம். "டீச்சர், உங்க வீட்டுல யாரு முழுகறாங்க"ன்னு ஒரு பிள்ளை கேக்குது.

— அது நான்தான்னு எப்படிச் சொல்றீங்க? விஞ்ஞானம்னா ஆதாரம் வேணும்.

— நீங்க கடைக்குப் போனா சத்தம் நிக்குது. திரும்பி வந்து ரேடியோவைப் போட்டா ஆரம்பிக்குது. இதுக்கு மேல என்ன ஆதாரம், சொல்லுங்க பார்ப்போம். அக்கா, நீங்களாவது உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூடாதா?

— நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்கார் டீச்சர்? இவர் மைக்ல பேசினா எங்க வீட்டுக் காலிங் பெல்லே தானா அடிக்குது. கதவைத் திறந்து திறந்து பார்த்து அலுத்துப்போய், இப்போ நிஜமா ஆள் வந்தாக்கூடத் திறக்கறதில்ல.

— நீ சும்மா இரு. உனக்கு இதுல என்ன தெரியும்? டீச்சரம்மா, வீட்டுலேர்ந்தே ஊர் உலகத்தோட பேசற இந்த அமெச்சூர் ரேடியோங்கறது பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கிப் பண்றது. நான் ஒண்ணும் திருட்டுத்தனமா பண்ணல.

— லைசென்ஸ் வச்சிருக்கறவர் காரைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவத்துல மோதினா, சுவத்தையா குறை சொல்வீங்க? சார், நாளைக்கு என் வகுப்பைக் கவனிக்க டியூஷன் கம்பெனி ஆளுங்க உக்காரப் போறாங்க. நாளைக்கும் இந்தச் சத்தம் வந்தா வேற வேலை பார்த்துக்கச் சொல்லிட்டாங்க. அதான் மானத்தை விட்டு வந்து நிக்கறேன்.

— அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. இந்த மாதிரி சத்தத்தைத் தடுக்க ஃபெரைட் வளையம்னு கறுப்பா ஒண்ணு விக்கும். அதை ஸ்பீக்கர் ஒயர்ல…

— மாட்டியாச்சு. ஒயரை அதுக்குள்ள நாலஞ்சு சுத்து சுத்தியும் பார்த்தாச்சு. ஒயர் நீளத்தையும் குறைச்சாச்சு.

— பரவாயில்லையே. இதெல்லாம் யார் சொன்னது உங்களுக்கு?

— ஒரு சைட் இருக்கு சார். ரேடியோ, டெலஸ்கோப், கிரகணம்னு எல்லாம் போட்டிருக்கும். பார்க்க அரதப் பழசு. கறுப்புத் திரையில பச்சை எழுத்து, படிச்சா கண்ணு பூத்துப்போகும். ஆனா அங்க கேள்விக்குப் பதில் போடறாரே ஒரு சார், தங்கமான மனுஷன்.

— மேல ஒரு சனி கிரகம் சுத்திக்கிட்டே இருக்குமா?

— ஆமா, அந்தச் சனியனேதான்.

— டீச்சரம்மா, அது என் சைட்டு. ராவும் பகலும் உக்காந்து நான் கட்டினது. முதல்லயே சொல்லக் கூடாதா? ஏய், டீச்சருக்கு நாற்காலி எடுத்துப் போடு.

— நீங்களா? தப்பா நினைக்காதீங்க, நம்ப முடியல. அந்தச் சார் அவ்வளவு பொறுமையா எழுதறார்.

— விஞ்ஞானம்னா பொறுமை. அதான் பாயிண்டு.

— அப்போ ரொம்ப வசதியாப் போச்சு. உங்க பதிலை உங்களுக்கே படிச்சுக் காட்டறேன், போன்லதான் இருக்கு. "வளையம் மாட்டியும் நிக்கலைன்னா தப்பு உங்க மேல இல்லம்மா. நேரா மேல ஏறிப் போய்க் கேளுங்க. அந்த ஆள் முதல்ல உங்க ஸ்பீக்கரைக் குறை சொல்வார். அப்புறம் லைசென்ஸைப் பத்திப் பேசுவார். மசியாதீங்க. பவரைக் குறைச்சாலே போதும், யார் காதுல விழணுமோ அவங்களுக்கு விழும். உங்க பொழைப்பைவிட அவரோட அரட்டை பெரிசில்ல."

— இதை நான் எழுதல.

— சைட் உங்களதுன்னீங்க?

— சைட்டு என்னோடதுதான். ஆனா என் ரேடியோவை நானே அரட்டைன்னு எழுதுவேனா? எவனோ உள்ள பூந்துட்டான். என் பேர்ல உக்காந்து பதில் எழுதறான், களவாணி.

— களவாணியா? அப்படிச் சொல்லாதீங்க சார். எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்காங்க பாருங்க. டெலஸ்கோப் கண்ணாடியில தூசி படிஞ்சுபோச்சுன்னு ஒரு பொண்ணு அழாத குறையா எழுதியிருந்தா. அவளுக்கு எவ்வளவு பதமாச் சொல்லிக்குடுத்திருந்தார்.

— துணி போட்டுத் தேய்க்காதம்மா, தண்ணியில அலசிட்டுச் சாய்ச்சு வச்சுக் காயவிடுன்னு எழுதினேன் டீச்சர். அப்புறம் அந்தப் பொண்ணு நிலாவைப் படம் எடுத்து அனுப்பிச்சு.

— நீயா?

— நான்தாங்க. களவாணி.

— அக்கா, அப்போ எனக்கு எழுதினதும்…

— உங்க கேள்வியைப் படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, எந்த மாடின்னு. நீங்க நிம்மதியாப் போய் நாளைக்கு வகுப்பை எடுங்க. முடியற வரைக்கும் ரேடியோ ஒயர் என் இடுப்புல இருக்கும்.

— ஏய், என்ன நினைச்சுக்கிட்டிருக்க? இதெல்லாம் உனக்கு எங்கேர்ந்து தெரியும்?

— நீங்க எழுதினதைப் படிச்சுத்தான். அந்தச் சைட்டை ஒரு எழுத்து விடாமப் படிச்சவ உலகத்துலயே நான் ஒருத்திதான் இருப்பேன். உங்களுக்கு எழுதத்தான் நேரம் இருந்துச்சு, வந்த கேள்வியைத் திறந்து பார்க்க நேரம் இல்ல.

— அதுக்காக என் பேர்ல பதில் போடறதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— நான் பதில் எழுதன்னு போகலைங்க. கேள்வி எழுதத்தான் போனேன். வீட்டுல எதைக் கேட்டாலும் "சைட்ல இருக்கு, போய்ப் படி"ம்பீங்க. சரி, அங்கேயே கேட்டுப்போம்னு வேற பேர்ல ஒண்ணு எழுதிப் போட்டேன். நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு பார்த்தேன். வரல. நீங்க பூட்டாம விட்ட கேள்விப் பெட்டியைத் திறந்து பார்த்தா, எனக்கு முன்னாடி ஜனம் வருஷக்கணக்காக் காத்துக்கிட்டு நிக்குது. எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? மனசு கேக்கல, ஒவ்வொருத்தருக்கா எழுதினேன். எல்லாருக்கும் எழுதி முடிச்சாச்சு. என்னோடது மட்டும் இன்னும் அப்படியே கிடக்கு.

— அப்படி என்னதான் கேட்ட?

— சைட்ல இருக்கு, போய்ப் படிங்க.