டின்னரில் மாப்பிள்ளை பாடிய பாட்டு

கிள்ளானிலிருந்து வரும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் மஞ்சள் மங்காத புதுத் தாலி.

"உனக்குத்தான் தமிழ் நல்லா வரும். நான் சீன ஸ்கூல்ல படிச்சவ லா, தமிழ் பேசுவேன், பாட்டு வரியெல்லாம் புரியாது. கல்யாண டின்னர்ல என் ஹஸ்பண்ட் மேடையில பாடினாரே, அதுக்கு அர்த்தம் சொல்லு" என்று கைப்பேசியை நீட்டினாள்.

தோழி இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தாள். பாதியிலேயே கழற்றிவிட்டாள்.

"ஏய், இது லவ் சாங் இல்லடி. ஏமாத்திட்டுப் போனவளைப் பார்த்துப் பாடுறது. நீ தள்ளிவிட்ட இடத்துல நான் மாலையோட நிக்கிறேன், வந்து பாத்துட்டுப் போங்கறான்."



"சும்மா சொல்லாத. அத்தனை பேரும் கைதட்டினாங்க!"

"பாட்டு ஹிட்டு. டின்னர்ல எவன் வரியக் கேக்கறான்? சரி, உன்னைப் பார்த்தா பாடினாரு?"

"இல்ல, வாசலைப் பார்த்து. வெக்கப்படுறாருன்னு நெனச்சேன்."

"அந்த நேரம் வாசல்ல யாரு வந்தா?"

அவள் வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள்.

"எங்க அக்கா. பூச்சோங்ல ரோடு ஜாம்னு லேட்டா வந்தாங்க."

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துவிட்டது. நான் இறங்க எழுந்தேன். புதுப்பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"இந்த மாப்பிள்ளைய எனக்குப் பாத்துக் கொடுத்ததே அக்காதான்டி."