ரிப்காவுக்கு ஒரு தனி அறை

அபாய மணி அலறியபோது நான் தேநீரில் சீனி கலக்கிக்கொண்டிருந்தேன். வயர் உருகும் நாற்றம் வந்தது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். பதறுவது என் வழக்கம் இல்லை, இன்ஸ்பெக்டர் சேர்.

துறைமுக வாசலுக்கு எதிரேயுள்ள எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தை நிர்வகிப்பவள் நான். அவரவர் வளர்ந்த விதத்துக்கேற்ற இடம் கொடுத்தால் வேலை கூடும் என்று கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்து வகுப்பெடுத்தார்கள். எங்கள் ஊர் அன்புவழிபுரத்து ஆட்களுக்கு நாலு கதை பேசினால்தான் கை ஓடும். அவர்களின் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். ரிப்கா பாலத்துக்கு அப்பால் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை. ஆண்கள் வந்துபோகும் கூடத்தில் கூச்சப்படுவாள் என்று, தேநீர் அறைக்குப் பின்னாலிருந்த ஜன்னலில்லாத சாமான் அறையைத் துப்புரவாக்கிக் கொடுத்தேன். புது மின்விசிறி, தொழுவதற்குப் பாய், எல்லாம் என் செலவு.

"சுலோஜனாக்கா, நான் என்ன கோழியா, கூட்டில அடைக்க?" என்று சிரித்தாள்.

விருந்தில் இன்னொரு கரண்டி சோறு போடப்போனால் கையால் மறைப்போமே, அப்படியொரு மறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அடிக்கடி கூடத்துக்கு ஓடிவந்துவிடுவாள். "பாலம் கடந்து வாறது என்ர கருவாட்டுப் பொரியலுக்குத்தானோ?" என்று கூடத்தில் வேலை செய்யும் வினோதன் சீண்டுவான். அவள் சிரித்தால் கூடமே வேலையை மறந்துவிடும். அதனால் காலையில் அவள் உள்ளே போனதும் வெளியே பூட்டத் தொடங்கினேன். கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். வினோதன் தேடினால், "தொழுகிறாள், குழப்பாதே" என்பேன். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. வேலையை விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் வேலை எல்லோருடையதையும் மிஞ்சியது. கொழும்பிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை, சேர். பெருநாளுக்கு அவள் கொண்டுவரும் வட்டிலப்பத்தில் முதல் துண்டு எப்போதும் எனக்குத்தான்.

புகைதான் அவளைக் கொன்றது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் வாப்பா ஸெய்னுதீன் என் முன்னால் வந்து நின்றார். "என்ர புள்ளைக்கு ஒதுக்கமா ஒரு அறை குடுத்தீங்களாமே தங்கச்சி. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று அழுதார். பூட்டைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை. நான் தலையசைத்தேன்.

அந்தப் பூட்டின் திறப்பு என் கைப்பையில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

"மணி அடிக்கேக்க அந்தப் பிள்ளை கதவைத் தட்டினது உங்களுக்குக் கேக்கேல்லையோ, அம்மா?" என்று கேட்டீர்கள்.

"கேட்டது, சேர். ஒவ்வொரு நாளும் தட்டுறவள்தானே. அழுது முடிஞ்சா வேலையைத் தொடங்கிடுவாள் எண்டுதான் நினைச்சனான்."